செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில்

அபோமாசே ஊரில் செவ்வாய்க்கிழமை முடிந்து புதன்கிழமை வருவதற்குள் இன்னொரு நாள் வந்துவிட்டுப் போகத் தொடங்கிய அந்த வருடத்தில், அதற்குக் காரணமான அபெனா செர்வாவுக்கு இருபத்துநான்கு வயது, கையில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனி, வீட்டில் அவளோடு பேசாத ஓர் அப்பா. கானா நாட்டில் குமாசியிலிருந்து வடக்கே போகிற சாலையில், கோக்கோ கிடங்கைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் அந்த ஊர் வரும். நானூறு வீடு, ஒரு சந்தை, ஒரு சர்ச், ஒரு மசூதி, ஒரு பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராக அபெனாவின் அப்பா பொன்சு.

பொன்சு தன் பெரிய மகள் டுஃபியைக் கட்டிக்கொடுத்தாயிற்று என்றும் சின்ன மகள் அபெனாவை நர்ஸ் ஆக்கியாயிற்று என்றும் மனதுக்குள் எப்போதோ கணக்கை முடித்துவிட்ட மனிதர். சின்ன மகள் என்ன செய்தாள் என்றால், நர்சிங் கல்லூரியில் எலும்புகளின் பெயரை எழுதவேண்டிய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஓர் எலும்புக்கூட்டை வரைந்து, நோட்டைச் சர்ரென்று புரட்டினால் அது இடுப்பை ஆட்டி ஆடுகிறமாதிரி செய்து, வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்து, இரண்டாம் வருடம் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். டயர்க்கடையில் மாமாவுக்குக் கைவேலை செய்வதாகப் பேர் பண்ணிக்கொண்டு லாரிகளின் பின்பக்கத்தில் புலியும் விமானமும் வரைந்துகொண்டிருந்த இசாக்காவைக் கூட்டாகச் சேர்த்துக்கொண்டாள். இருவருமாக ஒரு பாழடைந்த கோழிப்பண்ணைக் கொட்டகையைக் கழுவி, வெள்ளையடித்து, இரண்டு பழைய கணினியை வைத்து, கழுவியும் போகாத வாடைக்கு மரியாதையாக அதற்கு 'அக்கோக்கோ படக் கம்பெனி' என்று பெயரும் வைத்தார்கள். அக்கோக்கோ என்றால் அவர்கள் பேச்சில் கோழி. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பொன்சு சிரிக்கவில்லை, அவர் மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

தலைநகர் அக்ராவில் டிவிக்காரர்கள் பதினொரு நிமிடப் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். எட்டுப் பெண்பிள்ளைகள் ஓர் ஆற்றைக் கயிறு கட்டித் தங்கள் ஊருக்கு இழுத்துவருகிற கதை. நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும், மொத்தம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, வரைய இருப்பது நாலே கை. இதற்கு நடுவில்தான் சந்தைப் பெண்கள் சங்கத்தார் வந்து, புது வருடத்துக்கு வீட்டுக்கு ஒன்றாக நானூறு சுவர்க் காலண்டர் போட்டுத் தரச் சொன்னார்கள். இசாக்கா ஆசை ஆசையாக அந்த எட்டுப் பெண்பிள்ளைகளையும் மேலே வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தி காலடியிலிருந்தும் ஒரு பத்தி இறங்குகிறமாதிரி கட்டம் போட்டான். எட்டுப் பெண்கள், எட்டுப் பத்தி. செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவில் ஒரு பத்தி மட்டும் தலையில் பெயர் இல்லாமல், கட்டங்களில் தேதி இல்லாமல் வெறுமையாக நின்றது.

அபெனா அதை மூன்று தடவை சரிபார்த்தாள். பெண்பிள்ளைகள் துணியின் சிவப்பு சரியாக விழுந்திருக்கிறதா, போதகரின் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா, சங்கத் தலைவியின் தலைப்பாகை மேலே வெட்டுப்பட்டுவிட்டதா என்று எல்லாம் பார்த்தாள். வாரத்துக்கு எத்தனை நாள் என்று பார்க்கவில்லை. தன் கையில் எத்தனை விரல் என்று யாராவது தினமும் எண்ணுவார்களா? காலண்டர் நானூறு வீட்டிலும் ஆணியில் ஏறியது, எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள், ஜனவரியின் முதல் செவ்வாய்க்கிழமையும் ஒழுங்காக வந்து ஒழுங்காக முடிந்தது.

மறுநாள் காலையில் சேவல் கூவியது, ஜனங்கள் எழுந்தார்கள், சூரியன் வழக்கமாக எழுகிற பனையெண்ணெய் ஆலைக்கு மேலே எழாமல், தனக்கு எந்த இடம் என்று தெரியாத விருந்தாளி மாதிரி கொஞ்சம் தயங்கி, பள்ளிக்கூடக் கூரைக்கு மேலே எழுந்தது. ரேடியோவில் குரல் இல்லை. கைபேசியில் மணி இருந்தது, தேதி இல்லை, யாரைக் கூப்பிட்டாலும் மணி போகவில்லை. குமாசிக்குக் கிளம்பிய முதல் வண்டி கோக்கோ கிடங்கைத் தாண்டி வளைவில் திரும்பியதும் ஊரின் மறுபக்கத்து வாழைத் தோப்பு வழியாக ஊருக்குள்ளேயே வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி போனார், மறுபடி வந்தார், மூன்றாவது தடவை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு குழவிக்கல் அளவு பெரிய உருண்டையாக மரவள்ளிக்கிழங்கு ஃபூஃபூ வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தார். பகல் முழுவதும் நின்று, சாயங்காலமும் வந்து, இருட்டியது. விடிந்தபோது புதன்கிழமை, ரேடியோக்காரர் நேற்று செவ்வாய் என்று எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார்.

இரண்டாவது வாரமும் அது வந்தபோது சந்தைப் பெண்கள்தான் காலண்டர் முன்னால் நின்று விரல்விட்டு எண்ணினார்கள். எண்ணி முடித்து, கோழிக் கொட்டகைக்கு வந்தார்கள்.

"அடி அபெனா, நீ போட்ட கட்டம் வந்து எங்க வீட்டு வாசல்ல நிக்குதேடி."

"தப்பு நடந்துபோச்சும்மா, மன்னிச்சுக்கங்க" என்றாள் அபெனா, கூனிக்குறுகி.

"தப்புன்னு யாரு சொன்னா? என் துணி முழுக்க அன்னிக்குத்தான் காஞ்சுது."

அந்த நாளுக்கு ஊர் பெயர் எதுவும் வைக்கவில்லை. 'அது' என்றார்கள். அது வரட்டும், அதுக்குப் பார்த்துக்கலாம், போன அதுல சொன்னேனே என்று பேச்சில் அது இடம் பிடித்துக்கொண்டது. லாரி வராததால் விற்க ஒன்றுமில்லாத பெண்கள் ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஞாயிறு சர்ச்சுக்கு, வெள்ளி மசூதிக்கு, இது யாருக்கும் இல்லை என்பதால் போதகரும் இமாமும் மாமரத்தடியில் ஒரே பலகையில் காய் நகர்த்தி ஆடினார்கள், இருவரும் கள்ளாட்டம் ஆடினார்கள். 'ஒரு நாள் கிடைச்சா செஞ்சிடறேன்' என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த புருஷன்மார்களை மனைவிமார்கள் கையைப் பிடித்து ஏணியில் ஏற்றினார்கள், அந்த மாதத்தில் ஊரில் ஒழுகாத கூரைகள் மட்டுமே இருந்தன. தையற்காரர் ஒருவர் சொன்ன தேதிக்குச் சட்டையைத் தைத்துக் கொடுத்தார். புதிதாக ஒரு நாள் வந்ததைவிட ஊருக்கு அதுதான் பெரிய அதிசயம். வெளியூரிலிருந்து வந்து செவ்வாய் இரவு தங்கியவர்கள் மட்டும் அதுக்கு எழவில்லை. எழுப்பினாலும் எழவில்லை. அவர்கள் வீட்டில் அந்தக் காலண்டர் இல்லையே. மூச்சு சீராக வர, முகத்தில் ஒரு குறையும் இல்லாமல் நாள் முழுவதும் தூங்கினார்கள், ஊர்க்காரர்கள் ஈ மொய்க்காமல் ஒரு துணியைப் போர்த்திவிட்டு அவர்களைச் சுற்றிச் சத்தமில்லாமல் நடந்தார்கள்.

அபெனாவும் இசாக்காவும் வரைந்தார்கள். மற்ற ஏழு நாளும் யாராவது வந்து கல்யாணம் எப்போது, உத்தியோகம் எப்போது, டயர்க்கடை வேலைக்குத் திரும்புவது எப்போது என்று கேட்பார்கள். அதுவில் யாரும் எதையும் கேட்கவில்லை, ஏனென்றால் எப்போது என்ற கேள்விக்கு அங்கே பிடிமானம் இல்லை. மதியங்களில் அபெனா கொட்டகை வாசலுக்கு வந்து நிற்பாள். குமாசியும் அக்ராவும் அதற்கு அப்பால் இருக்கிற அத்தனை தேசங்களும் இந்த வெளிச்சத்தைப் பார்க்கவே போவதில்லை, உலகத்தில் இந்த நானூறு கூரைமேல் மட்டும் இந்த வெயில் அடிக்கிறது, ஒரு கோழிக்குஞ்சு மண்ணைக் கிளறுகிற சத்தம்கூட இந்த உலகத்தில் முதல் தடவை கேட்கிற சத்தம் என்று நினைக்கும்போது அவளுக்கு மயிர்க்கூச்செறியும், கண்ணில் நீர் வந்துவிடும். இது என் கையால் ஆனதா என்று அவளுக்குப் பயமாகவும் இருக்கும்.

பொன்சுவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. முதல் அதுவில் அவர் பள்ளி மணியை அடித்தார், பிள்ளைகளும் வந்தார்கள், ஆனால் எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் என்று அட்டவணையில் அந்த நாளைக் காணோம், முந்நூறு பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பது வருட உத்தியோகத்தில் அவருக்கு அப்படி ஆனதே இல்லை. அவர் ஊர்த்தலைவரிடம் போய், காலண்டரில் இருக்கிற அந்தப் பத்தியை ஊர் முழுக்கக் கத்தரித்துவிட வேண்டும் என்று மனு கொடுத்தார். தலைவர் நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் காதோடு சொல்வதை ஒச்சியாமே என்கிற பிரதிநிதி கோலைத் தட்டி உரக்கச் சொல்வார். இரண்டு அது கழித்துக் கத்தரிப்பது என்று ஒச்சியாமே சொன்னார்.

சர்ச்சில் போதகருக்கு உதவியாக இருந்த உபதேசியாருக்கு அதுவரை பொறுமை இல்லை. அவர் தன் வீட்டுக் காலண்டரை அன்றே கத்தரித்தார். அடுத்த வாரம் அவர் வீட்டில் எல்லோரும் செவ்வாய் படுத்துப் புதன் எழுந்தார்கள். எழுந்து பார்த்தால், போன அதுவில் அவர் அடித்து வைத்த பைபிள் அலமாரியைக் காணவில்லை. பலகைகள் அடிக்காத பலகைகளாகச் சுவரில் சாய்ந்திருந்தன, ஆணிகள் டப்பாவில் இருந்தன.

அதே வாரத்து அதுவில்தான், பிரசவத்துக்காக அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாக இருந்த டுஃபி, பள்ளிக்கூடத்துக்கு மேலே சூரியன் வந்த நேரத்தில், ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள்.

அந்த ஜனங்களுக்குக் குழந்தையின் முதல் பெயர் அது பிறந்த கிழமையின் பெயர். திங்களில் பிறந்தவள் அட்வோவா, செவ்வாயில் பிறந்தவள் அபெனா, புதனில் பிறந்தவள் அக்குவா. கிழமைப் பெயரின் தலையில் ஓர் 'அ' வைத்தால் பெண்பெயர். உயிர் எந்த நாளின் வழியாக வந்ததோ அந்த நாளின் பெயரைச் சொல்லித்தான் அதை இங்கே இருக்கச் சொல்ல முடியும். பிறந்த கிழமை மறுபடி வரும் காலையில் குழந்தையை வெளியே எடுத்துவந்து அந்தப் பெயரைச் சொல்வார்கள். அதுவரை குழந்தை விருந்தாளிதான், பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். இந்தக் குழந்தையைக் கூப்பிட ஒரு பெயர் இல்லை. உபதேசியாரின் அலமாரியைப் பார்த்துப் பயந்தவர்கள், எதற்கு வம்பு என்று தங்கள் காலண்டரையும் கத்தரிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டில் கத்தரி ஓடும்போதும் குழந்தையின் அழுகை ஒரு படி இறங்கியது. சனிக்கிழமை பதினொரு வீடு கத்தரித்திருந்தார்கள், பிள்ளை வாயைத் திறந்து முகம் சிவக்க அழுதாலும் சுவருக்கு அந்தப் பக்கம் பூனை கத்துகிறமாதிரிதான் கேட்டது. கொட்டகையில் அதுவில் வரைந்த படங்களும் வெளுத்துக்கொண்டிருந்தன. அபெனா அவற்றைப் பார்க்கவே இல்லை.

அவள் அப்பாவிடம் ஓடினாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, மனுவ வாங்கிக்குங்க. எனக்காக இல்ல. என் கம்பெனி நாசமாப் போகட்டும், நான் நர்சாவே போறேன். பிள்ளை போயிடும்ப்பா."

பொன்சு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாய் அருகே காதை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு குழந்தையை டுஃபியிடம் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நடந்தார், அபெனா பின்னாலேயே போனாள்.

தலைவர் வெகுநேரம் காதோடு பேசினார். ஒச்சியாமே கோலைத் தட்டினார். "தலைவர் சொல்றாங்க: அந்த நாளே பேர் இல்லாத நாள். பேர் இல்லாததுக்காக ஊர் எப்படி நிக்கும்? அடுத்த அது காலையில பிள்ளைக்கு முறையாப் பேர் வெச்சா, பேர் வெச்ச பிள்ளை ஊர்ப் பிள்ளை, அதோட நாளும் ஊர் நாள். கத்தரி போட்டவங்களும் ஒட்டிக்கணும். வெக்கலன்னா, அன்னிக்குச் சாயங்காலம் எல்லார் வீட்டுலயும் கத்தரி. அதுவரைக்கும் யாரும் காலண்டரத் தொடக்கூடாது."

பெயர் வைப்பது அப்பா வழிச் சொந்தத்தின் உரிமை. டுஃபியின் புருஷன் தன் அப்பா, சித்தப்பா, அத்தைமாரோடு செவ்வாய் சாயங்காலமே துணியும் சாராயப் புட்டியுமாக வந்து இறங்கினான். எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், தூங்காமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று சபதம் செய்தார்கள். விடிந்தபோது ஏழு பேரும் உட்கார்ந்தபடியே, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, அசைக்க முடியாத தூக்கத்தில் இருந்தார்கள்.

முற்றத்தில் ஊர் கூடிவிட்டது. இரண்டு கிண்ணம், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சாராயம். பெயர் வைக்கிறவர் விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் சொட்டவிட வேண்டும். யார் விரலோ அவர் குணம்தான் குழந்தைக்கு வரும் என்பதால் நாலு பேர் மெச்சுகிற ஆளாகத் தேடுவார்கள். போதகர் தன்னால் ஆகாது என்றார். சங்கத்துத் தலைவி, அந்த நாளைப் பற்றித் தனக்கு என்ன தெரியும் என்று கையை விரித்தாள். டுஃபி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது, இப்போது அதன் சத்தம் யாருக்குமே கேட்கவில்லை. கடைசியில் எல்லோரும் பொன்சுவைப் பார்த்தார்கள். அவர்தான் தாத்தா, அவரைவிட ஒழுங்கான மனிதர் அந்த வட்டாரத்தில் இல்லை.

பொன்சு இரண்டு கிண்ணத்தையும் எடுத்தார். நடந்துவந்து அபெனாவின் கையில் கொடுத்தார்.

அபெனா கிண்ணங்களை வாங்கிக்கொண்டாள். "அப்பா, நானா?" என்றாள்.

ஒச்சியாமே முறைப்படி கேட்டார், கேட்காமல் விட முடியாது. "டீச்சர், குணம் கொடுக்கப்போறவ யாரு? என்ன பண்றவ? ஊர் கேக்குது, சொல்லுங்க."

பொன்சு முந்நூறு பிள்ளைகளுக்குப் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தார், ஆனால் அது நடுவில் உடைந்துவிட்டது.

"இவ என் சின்ன மக. நான் போட்ட கோட்டுல ஒரு நாள்கூட நடக்காதவ. நர்சா ஆகுடின்னா கோழிக் கொட்டகையில உக்காந்து பொம்மை போட்டா. நான் பேசாம இருந்தேன், அப்பவும் போட்டா. நீங்க எல்லாம் சிரிச்சீங்க, அப்பவும் போட்டா. நமக்கு எல்லாம் ஆண்டவன் ஏழு நாள்தான் கொடுத்தான், நாமளும் இத வெச்சு என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் இருந்தோம். இவ கையிலேருந்து ஒண்ணு கூடுதலா வந்திருக்கு. அந்த வழியாத்தான் என் பேத்தி வந்திருக்கா." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "இவ குணமே வரட்டும். என் பேச்சக் கேக்காத குணம் அப்படியே வரட்டும்."

பெயருக்காக அபெனாவும் இசாக்காவும் அந்த வாரம் முழுவதும் கொட்டகைச் சுவரில் எழுதி எழுதி அழித்திருந்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை. இப்போது அவளிடம் பெயர் இல்லை, ஈர விரல் மட்டும்தான் இருந்தது. அவள் குனிந்து குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். "தண்ணின்னா தண்ணின்னு சொல்லு" என்றாள். இன்னொரு சொட்டு விட்டாள். "சாராயம்னா சாராயம்னு சொல்லு." குழந்தை அவள் விரலைச் சப்பியது, அத்தனை இறுக்கமாக, போக மனமில்லாத ஒருத்தியைப்போல. ஃபோஃபோரோ என்றால் அவர்கள் பேச்சில் புதியது. எந்தச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. அபெனாவின் வாய் அதைத் தானாகவே பெண்பெயராக்கிச் சொன்னது.

"அஃபோரோ. நீ அஃபோரோ."

"அஃபோரோ" என்றார் பொன்சு. "அஃபோரோ" என்றது ஊர், போதகரும் இமாமும் உபதேசியாரும் இசாக்காவும் தலை பின்னிய பெண்களும் ஏணியிலிருந்து இறங்கிய புருஷன்மார்களும் ஒரே குரலாக. சாராயத்தின் காரம் அப்போதுதான் நாக்கில் ஏறியிருக்க வேண்டும். குழந்தை முகத்தைச் சுளித்து, மூச்சை இழுத்து, அழுதது. அந்த அழுகைக்கு மாமரத்துக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன, தகரக் கூரைகள் அதிர்ந்தன, சுவரோரம் சாய்ந்திருந்த ஏழு பேரும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். டுஃபி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள்.

குழந்தையின் அப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு மேலே நிற்கிற சூரியனைப் பார்த்தான், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"மாமா, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டான்.

"ஃபோரோடா" என்றார் தலைமையாசிரியர் பொன்சு. "எந்திரிச்சு முகத்தக் கழுவு. உன் மக கூப்பிடறா."